பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

கண்டியிலே தொடங்கி, வன்னிப் பெருநிலத்தை ஊடறுத்து, ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டினுள் புகும் நெடுஞ்சாலை, சாவகச்சேரி, கைதடி, நாவற்குழி ஆகிய ஊர்களைத் தொட்டு, செம்மணி வெளியைத் தாண்டியதும் அரியாலையை வந்தடைகின்றது. யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கு வாயில் போல் அமைந்த ஊர் அது. தெற்கே கடனீரேரி, கிழக்கே வயலும் உவர்நிலமுமாய் விரிந்து கிடக்கும் வெளி, ஊரை ஊடறுத்துச் செல்வது கண்டி வீதி. ஞாயிறு மறைந்து அரை மணி நேரத்துக்குள் அங்கே இருள் கவிந்துவிடும்.

அவ்வேளையில் அவ்வழியே துவிச்சக்கர வண்டியிற் செல்வோர் பல திறத்தினர். நகரிலே வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளி ஒருவர். மாலை வகுப்பு முடிந்து புத்தகப் பையுடன் வரும் மாணவர் ஒருவர். கடனீரேரியை நோக்கி வலையும் கூடையும் கொண்டு செல்லும் மீனவர் ஒருவர். இவர்கள் எல்லாரும் தமக்கு முன்னே உள்ள வழியை நன்கு அறிவர். எந்த இடத்தில் ஒழுங்கை திரும்பும், எந்த இடத்தில் வீதியோரம் சரிந்திருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வெளிச்சமின்றியே செல்லலாம் என்று அவர்கள் எண்ணுவதற்கும் அதுவே காரணம். ஆனால், தமக்குப் பின்னே வருவது யாது என்பதை அவர்கள் அறியார். பின்னே வருபவரும் அவர்களை அறியார். இந்த இருபுறத்து அறியாமையை நீக்குவதற்காகவே துவிச்சக்கர வண்டியின் பின்புறத்தில் ஒரு சிவப்பு விளக்கு வேண்டும் என்று உலக நாடுகள் பலவும் விதித்துள்ளன.

அந்த விளக்கு எத்துணை ஒளியுடையதாய் இருத்தல் வேண்டும்? அதனைக் கட்டாயமாக்குவது நீதியாகுமா? அது எரியாமற் போவதற்குக் காரணங்கள் எவை? இவ்வினாக்கள் சிறியனவாகத் தோன்றினும், இவற்றின் விடையிலே மனித உயிர் தொங்கிக்கொண்டிருக்கின்றது.

முதலிற் கணக்கொன்றைப் பார்த்தல் நன்று. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே வரும் மோட்டார் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரம் செல்லும். எதிரே ஏதோ தெரிகிறது என்று கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் தடையை மிதிப்பதற்கு ஒன்றரை விநாடி கழிகின்றது. அதற்குள் வண்டி 25 மீற்றர் ஓடிவிடும். தடை பிடித்த பின்னும், நல்ல உலர்ந்த வீதியிலேகூட, மேலும் இருபது மீற்றருக்கு மேல் ஓடியே நிற்கும். ஆகவே, வண்டியை நிறுத்துவதற்கு ஏறத்தாழ 50 மீற்றர் வேண்டும். ஆனால், தாழ்த்திய முன்விளக்கின் ஒளியிலே, கறுத்த ஆடை அணிந்து, கறுத்த வண்டியிற் செல்லும் ஒருவரைச் சாரதி காண்பது ஏறத்தாழ 30 மீற்றர் தூரத்திலேதான். ஐம்பது வேண்டிய இடத்தில் முப்பதே உண்டு. துவிச்சக்கர வண்டியும் முன்னோக்கி ஓடுவதால் இந்தக் குறை ஓரளவு ஈடாகலாம். ஆயினும், எதிரே ஒரு லொறியின் விளக்கு சாரதியின் கண்ணைக் கூசச் செய்யுமாயின், அந்த முப்பதும் குறைந்துவிடும்.

இதற்கு மாறாக, வண்டியின் பின்னே சிறியதொரு சிவப்பொளி இருக்குமாயின், அது நூற்றுக்கணக்கான மீற்றர் தூரத்திலேயே தெரிந்துவிடும். வேகத்தைக் குறைப்பதற்கும் விலகிச் செல்வதற்கும் சாரதிக்கு வேண்டிய நேரம் கிடைக்கின்றது. பின்விளக்கு தருவது வெளிச்சத்தை அன்று. நேரத்தை என்று கூறுதல் பொருந்தும்.

முன்விளக்குக்கும் பின்விளக்குக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கருதுதல் வேண்டும். முன்விளக்கு வண்டியோட்டிக்கும் பயன்படும், பிறருக்கும் பயன்படும். பின்விளக்கோ வண்டியோட்டிக்கு ஒரு சிறிதும் வழி காட்டுவதில்லை. அது முற்றிலும் பிறர் கண்ணுக்கென ஏற்றப்படும் விளக்கு. புகையிரதத்தின் கடைசிப் பெட்டியிலே சிவப்பு விளக்கொன்று தொங்குவதைப் பலரும் கண்டிருப்பர். புகையிரதம் முழுமையாக வந்து சேர்ந்தது, இடையிலே பெட்டி எதுவும் கழன்று நின்றுவிடவில்லை என்று நிலைய அதிபர் அறிந்துகொள்வது அவ்விளக்கைக் கண்டே. இருப்புப் பாதையில் அவ்விளக்கைக் கவனிப்பதற்கென உத்தியோகத்தர் இருக்கின்றனர். துவிச்சக்கர வண்டியின் பின்விளக்கைக் கவனிப்பதற்கு எவரும் இல்லை. அது அணைந்து போனதை முதலில் அறிய வேண்டிய வண்டியோட்டியே கடைசியாக அறிகின்றார்.

இனி, சட்டம் வந்த வழியைச் சுருக்கமாகக் காண்போம். துவிச்சக்கர வண்டி பெருகத் தொடங்கிய காலத்தில், பிரித்தானியாவில் 1888ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட சட்டமொன்று, ஞாயிறு மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின் வண்டியோட்டுவோர் விளக்கு வைத்திருத்தல் வேண்டும் என்று விதித்தது. அது முன்விளக்கைப் பற்றிய விதி. எண்ணெய் விளக்கும், கல்சியங் காபைட்டின்மீது நீர் சொட்டுவதால் எழும் வாயுவை எரிக்கும் விளக்கும் அக்காலத்தில் வழங்கின. முதலாம் உலகப் போர்க் காலத்திலே பின்விளக்கும் கட்டாயமாக்கப்பட்டுப் போர் முடிந்ததும் கைவிடப்பட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டம், பின்விளக்கு இல்லாவிடினும் சிவப்புத் தெறிகண்ணாடி ஒன்று இருந்தாற் போதும் என்றது. 1934இல் அதனோடு வெள்ளைப் பூச்சும் சேர்க்கப்பட்டது. பின் மட்காட்டிலே 12 சதுர அங்குலத்துக்குக் குறையாத பரப்பு வெள்ளையாய் இருத்தல் வேண்டும் என்பது விதி.

யாழ்ப்பாணத்து முதியோருக்கு இந்த விதி வேறொரு வடிவிலே நன்கு அறிமுகமானது. நொட்டிங்காமிலிருந்து வந்த றலி வண்டிகளில், உடல் முழுவதும் கறுப்பாய் இருக்கப் பின் மட்காட்டின் நுனி மாத்திரம் வெள்ளையாய் இருந்ததை அவர்கள் நினைவுகூர்வர். அழகுக்காகத் தீட்டப்பட்டது என்றே பலர் கருதினர். உண்மையில் அது இங்கிலாந்தின் இருண்ட வீதிகளிலே இறந்தோரை நினைந்து இயற்றப்பட்ட சட்டத்தின் அடையாளம்.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டு, பிரித்தானிய நகரங்கள் இருட்டடிப்புச் செய்யப்பட்டபோது, முதல் மாதத்திலேயே வீதி விபத்துக்களில் இறந்தோர் தொகை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ இருமடங்காயிற்று. அந்நிலையில் மீண்டும் பின்விளக்கு கட்டாயமாயிற்று. 1945ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிரந்தரமாக்கியது. 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, இரவில் துவிச்சக்கர வண்டியின் முன்னே வெள்ளை அல்லது மஞ்சள் ஒளியும், பின்னே சிவப்பு விளக்கு அல்லது சிவப்புத் தெறிகண்ணாடியும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. இலங்கையும் பின்னர் அவ்வுடன்படிக்கையிலே சேர்ந்தது. 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை ஒருபடி மேலே சென்று, தெறிகண்ணாடியும் வேண்டும், சிவப்பொளி காட்டும் வசதியும் வேண்டும் என்றது.

இச்சட்டங்களை வண்டியோட்டுவோர் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணிவிடலாகாது. பிரித்தானியாவின் துவிச்சக்கர வண்டியோட்டுவோர் சங்கத்தினர் பல ஆண்டுகள் பின்விளக்கை எதிர்த்தனர். அவர்கள் எடுத்துரைத்த நியாயம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. தன் விளக்கொளியில் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே மோட்டார் சாரதி செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்லாத சாரதியின் குற்றத்தைச் சட்டம் அடிபடுபவன்மீது சுமத்துகின்றது. விளக்கு அணைந்திருந்தமையால் அவனே இறப்புக்குக் காரணன் என்று நாளை நீதிமன்றம் சொல்லிவிடும் என்பதே அவர்களின் வாதம். வீதியிலே வீழ்ந்து கிடக்கும் மரத்துக்கும், படுத்திருக்கும் மாட்டுக்கும் பின்விளக்கு இல்லையே, அவற்றை மோதாமல் நிறுத்த வேண்டிய கடமை சாரதிக்கு இல்லையா என்று கேட்பார்க்கு விடை கூறுதல் அரிது.

சாரதியின் கடமை உண்மையே. ஆயினும் ஒருவரின் கடமை மற்றவரின் கவனத்தை வேண்டாததாக்கிவிடுவதில்லை. நீதி எவர் பக்கம் இருப்பினும், 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் இரும்பின் முன்னே உடைவது துவிச்சக்கர வண்டியும் அதன்மேல் இருப்பவரின் எலும்புமே. வழக்கிலே வெல்வதிலும் வீடு போய்ச் சேர்வது மேலானது.

இனி, ஒளியின் அளவைப் பற்றிய வினா. ஒளியின் வலிமையைக் கண்டெலா என்னும் அலகால் அளப்பர். ஒரு மெழுகுதிரி தரும் ஒளி ஏறத்தாழ ஒரு கண்டெலா எனக் கொள்ளலாம். மோட்டார் வண்டிகளின் பின்விளக்குக்கு ஐரோப்பிய நாடுகள் வகுத்த விதி, நேர்ப்பின்னே குறைந்தது 4 கண்டெலா வேண்டும் என்பது. 2005ஆம் ஆண்டிலே பிரித்தானியா மின்னி மின்னி எரியும் விளக்குகளைத் துவிச்சக்கர வண்டிகளுக்கு அனுமதித்தபோதும் அதே 4 கண்டெலாவையே குறைந்த அளவாக வைத்தது. நான்கு மெழுகுதிரிகளின் ஒளி போதுமா என்று ஐயுறுவோர் உளர். தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்கை விதி. அதன்படி கணித்தால், 200 மீற்றர் தூரத்திலே நிற்பவரின் கண்ணை அவ்விளக்கிலிருந்து எட்டுவது ஒரு லக்ஸ் ஒளியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கடலிலே கலங்கரை விளக்கம் தெரியும் எட்டத்தைக் கணிப்போர், இருளிலே கண்ணுக்குப் புலப்படும் மிகக் குறைந்த அளவாக ஒரு லக்ஸின் ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்கைக் கொள்கின்றனர். அதனோடு ஒப்பிட்டால், நான்கு மெழுகுதிரிகளின் ஒளி 200 மீற்றருக்கு அப்பால் நின்றும் தேவையினும் ஐந்நூறு மடங்கு மிகுதியாய் இருக்கின்றது. கடைத்தெரு விளக்குகளுக்கு இடையே கலந்து மறையாதிருப்பதற்கே இந்த மிகுதி வேண்டும்.

ஆகவே, ஒளி குறைந்தமையால் நேரும் கேடு சிறிது. ஒளி இல்லாமையால் நேரும் கேடே பெரிது. அளவு மிஞ்சிய ஒளியும் தீமையே தரும். அது பின்னே வருபவரின் கண்ணைக் கூசச் செய்து, அயலிலே வேறு வண்டி செல்வதையும் மறைத்துவிடும். ஜேர்மனி துவிச்சக்கர வண்டிகளின் விளக்கு பிறர் கண்ணைக் கூசச் செய்யலாகாது என்று விதித்து, மின்னும் விளக்கையும் தடுத்துள்ளது. மின்னும் விளக்கு கவனத்தை விரைவில் ஈர்க்கும் என்பது உண்மை. ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்று மதிப்பிடுதல் கடினம் என்பர். மங்கலாயினும் நிலையாக எரியும் விளக்கே பின்னே வருபவருக்கு உற்ற துணை.

தெறிகண்ணாடியின் தொழிலும் வியப்பானது. ஒரு பெட்டியின் உள்மூலையிலே மூன்று தட்டுக்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாய்ச் சந்திப்பதை நினைத்துப் பார்க்கலாம். அம்மூன்றும் கண்ணாடிகளாயின், எத்திசையிலிருந்து ஒளி வந்து விழுந்தாலும் அது மூன்று முறை தெறித்து, வந்த திசைக்கே திரும்பிவிடும். சிவப்புத் தெறிகண்ணாடியினுள் இத்தகைய நுண்ணிய மூலைகள் பல உண்டு. இங்கிலாந்தின் ஹலிபக்ஸ் நகரைச் சேர்ந்த பேர்சி ஷோ என்பவர் 1934இல் உரிமை பெற்ற, வீதி நடுவே பதிக்கும் ‘பூனைக்கண்’ணும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் இத்தொழிலையே செய்கின்றது. இதற்கு மின்கலம் வேண்டியதில்லை. பழுதாகும் கம்பியும் இல்லை. மிதிகட்டையிலே பதித்த தெறிகண்ணாடி காலோடு மேலும் கீழும் அசைவதால், அங்கே மனிதன் ஒருவன் செல்கிறான் என்பதைச் சாரதி உடனே உணர்கின்றார்.

ஆனால், தெறிகண்ணாடி பிறர் ஒளியை இரந்து வாழ்வது. பின்னே வருபவரிடம் விளக்கு இல்லையெனின் அதுவும் இருண்டு கிடக்கும். சேறு படிந்தால் அதன் பயன் கெடும். கரியரிலே விறகுக் கட்டோ மீன் பெட்டியோ வைத்துக் கட்டும்போது அது மறைந்துவிடுவதும் உண்டு. எனவே தெறிகண்ணாடி விளக்குக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

மின்கலமின்றி விளக்கெரிக்கும் கருவி டைனமோ. காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசையும்போது மின்னோட்டம் பிறக்கின்றது என்பதை மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்தார். அவ்வுண்மையின் பயனாக, சக்கரத்தோடு உராய்ந்து சுழலும் சிறிய டைனமோ 6 வோல்ற்று அழுத்தத்திலே 3 உவாற்று மின்வலுவைத் தருகின்றது. அதிலே 2.4 உவாற்று முன்விளக்குக்கு, 0.6 உவாற்றே பின்விளக்குக்கு. இந்தப் பங்கீட்டிலேயே பின்விளக்கின் நலிவும் அடங்கியுள்ளது. முன்விளக்குக் குமிழ் எரிந்து போனால், மின்னோட்டம் முழுவதும் சின்னஞ்சிறு பின்குமிழினுட் பாய்ந்து அதனையும் எரித்துவிடும். பின்விளக்குக்குச் செல்வது ஒரே கம்பி. திரும்பி வரும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. அச்சட்டத்தில் விளக்கைப் பொருத்திய இடத்திலே துருவேறினால் மின்னோட்டம் தடைப்படும். கடனீரேரியின் உப்புக் காற்று வீசும் அரியாலை போன்ற ஊர்களில் துருவேறுவதற்கு நெடுநாள் செல்வதில்லை. முன்விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் வண்டியோட்டி எல்லாம் நலம் என்றே நம்பிச் செல்வார். வண்டி நின்றதும் டைனமோ விளக்கும் அணைந்துவிடும் என்பது மற்றொரு குறை. மின்னைச் சிறிது சேமித்து வைத்துச் சில நிமிடங்கள் எரியும் புதிய விளக்குகள் இக்குறையைத் தீர்த்துள்ளன.

டைனமோ என்னும் இச்சிறு கருவிக்கு யாழ்ப்பாணத்து வானொலி நேயர்கள் பட்ட கடன் பெரிது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாதொழிந்தது. மின்கலமும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் அரும்பொருளாகி, போத்தலினுட் சிறுதிரியிட்ட விளக்கே வீடுகளிலே எரிந்தது. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியை நிறுத்துகாலில் ஏற்றி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்கு மின்னூட்டி, மற்றவர்கள் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர். இலண்டனிலிருந்து வந்த தமிழோசை அவ்வாறு எத்தனையோ முற்றங்களிலே ஒலித்தது. வீதிக்கு ஒளி தர வேண்டிய கருவி வீட்டுக்குச் செய்தி தரும் கருவியாக மாறியது.

அக்காலத்திலே விளக்கின்றிச் செல்வது குற்றமென எவரும் கருத இயலாது. வாங்குவதற்கு மின்கலமே இல்லாதபோது விதி எங்ஙனம் நிற்கும்? 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாளிரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, அரியாலையைக் கடந்து நாவற்குழிப் பாலம் வரை இவ்வீதி மனிதராலும், பொருளேற்றிய துவிச்சக்கர வண்டிகளாலும் நிறைந்திருந்தது. அன்று மோட்டார் வண்டிகள் விரையவும் இடமிருக்கவில்லை. மோட்டார் வண்டிகள் அருகி, இருளே பாதுகாப்பெனத் தோன்றிய ஆண்டுகளில் வளர்ந்தவர்கள், விளக்கின்றி வண்டியோட்டுவதை இயல்பாகக் கொண்டிருப்பின் அது வியப்பன்று.

ஆனால், வீதி மாறிவிட்டது. 2009இல் போர் முடிந்தபின் கண்டி வீதி திருத்தி அமைக்கப்பட்டது. குழியும் கல்லும் நிறைந்திருந்த இடத்திலே மழமழவென்ற தார்த்தளம் அமைந்தது. 2014 ஒக்டோபரில் புகையிரதமும் மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. முன்னர் குழியே வேகத்தைத் தடுத்தது. இப்போது அத்தடை இல்லை. வேகம் மாறிய வீதியிலே பழைய பழக்கம் மாறாதிருப்பதுதான் ஆபத்து.

சட்டம் மட்டும் இதனைத் தீர்த்துவிடுமா? விளக்கில்லாத தொழிலாளியை நிறுத்தித் தண்டப்பணம் அறவிடுவது எளிது. அத்தண்டப்பணத்தைச் செலுத்தியவர் அன்றிரவும் விளக்கின்றியே வீடு செல்வார் எனின் பயன் யாது? பொருள் விற்கப்படும் இடத்திலேயே விதியைத் தொடங்குவது அறிவுடைமை. இந்திய அரசு 2020ஆம் ஆண்டிலே, துவிச்சக்கர வண்டிகளுக்குரிய தெறிகண்ணாடிகள் குறித்த தரத்தில் அமைதல் வேண்டும் என்று ஆணை பிறப்பித்தமை அவ்வழிப்பட்டது. டென்மார்க்கின் ஓடென்சே நகரிலே 2004, 2005ஆம் ஆண்டுகளில் மற்றொரு முயற்சி நடைபெற்றது. 3,845 வண்டியோட்டிகள் அதிலே பங்குபற்றினர். அவர்களில் ஒரு பகுதியினரின் வண்டிகளில், சக்கரக் கம்பியிலே பொருத்திய காந்தத்தால் இரவும் பகலும் தாமே எரியும் விளக்குகள் அமைக்கப்பட்டன. அவ்விளக்குடையோர் காயமுற்ற விபத்துக்கள் ஏனையோரைவிட நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குறைந்திருந்தன. ஏற்ற மறக்க இயலாத விளக்கே சிறந்த விளக்கு என்பது இதனால் விளங்கும்.

அத்தகைய விளக்கு எல்லார்க்கும் எட்டும் வரையில், கையிலுள்ளதைக் காத்துக்கொள்வதே கடன். தெறிகண்ணாடியை ஈரத்துணியாலே துடைத்தல், விளக்குப் பொருத்திய இடத்துத் துருவைச் சுரண்டுதல், கரியரிலே சுமை ஏற்றும்போது விளக்கைச் சுமையின் கடைக்கோடியிற் கட்டுதல், மட்காட்டின் நுனிக்கு வெள்ளைப் பூச்சு இடுதல் ஆகிய இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

இவை யாவற்றினும் எளியதும் பயனுடையதும் ஒன்று உண்டு. தன் பின்விளக்கைத் தான் காண இயலாது. ஆனால் படலையிலே நின்று வழியனுப்புபவரால் அதனைக் காண இயலும். மாலையில் மகன் வகுப்புக்குப் புறப்படும்போதும், கணவர் இரவு வேலைக்குச் செல்லும்போதும், ஒழுங்கை திரும்பும் வரையில் அந்தச் சிவப்பொளி தெரிகின்றதா என்று வீட்டிலுள்ளோர் பார்த்தல் வேண்டும். தெரியவில்லையெனின், உடனே கூப்பிட்டு நிறுத்தலாம். அவர்கள் கண்ணுக்குத் தெரியாத விளக்கு, கண்டி வீதியிலே விரைந்து வரும் சாரதியின் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை.